கேட்காமல் வந்த பெட்டிக்கு யார் பணம் கட்டுவது?



கொஞ்சம் நீளமான பதிவு. பெல் அடித்தாலும் டீச்சர் பாடத்தை நிறுத்த மாட்டார் என்று உங்களுக்குத் தெரியும். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள். உங்களில் பாதிப் பேர் இன்று பெற்றோர். சிலர் பள்ளி நடத்துகிறீர்கள். சிலர் நான் இங்கே திட்டப் போகும் வியாபாரத்திலேயே வேலை பார்க்கிறீர்கள். மூன்று பேருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

விஷயம் இதுதான். நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துத் தனியார் பள்ளிகளின் நூலகங்களில், யாரும் கேட்காமலேயே பெட்டி பெட்டியாகச் சரக்கு வந்து இறங்குகிறது. பயிற்சிப் புத்தகம், படம் போட்ட அட்டை, சுவரில் மாட்டும் சார்ட், பென் டிரைவ், எல்லாம் சேர்த்து 'கிட்' என்று ஒரு பெயர். வரும்போது "மேடம், சும்மா பார்வைக்கு" என்பார்கள். ஒரு மாதம் கழித்து பில் வரும். அதற்கப்புறம் போன் வரும், தினமும் வரும்.

அந்தப் பில்லுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் இப்போது ஒரு தனியார் பள்ளியில் நூலகர். அவள் பெயர், பள்ளி, கம்பெனி எதையும் கேட்காதீர்கள். அவள் பிழைப்பு அது. ஜூன் மாதம் கூரியரில் மூன்று பெட்டி வந்தது. வாட்ச்மேன் கூப்பிட்டான், இவள் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உள்ளே ஒரு கடிதம்: 15 நாளுக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் நீங்கள் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும், திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையது. அந்தக் கடிதம் அட்டைகளுக்கு அடியில், பெட்டியின் அடிப்பக்கத்தில் இருந்தது. ஆகஸ்ட்டில் 14,600 ரூபாய்க்குப் பில் வந்தது. ஒரு நாளைக்கு நாலு போன். நிர்வாகத்திடம் போய்ச் சொன்னால், "கையெழுத்துப் போட்டது நீதானே, உன் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறோம்" என்றார்கள். அவள் சம்பளம் 12,000. வீட்டு வாடகை 7,000.

"டீச்சர், நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று போனில் கேட்டாள். ஒரு தப்பும் இல்லை. கூரியர்காரர் நீட்டிய தாளில் போடும் கையெழுத்து, 'பெட்டி வந்தது' என்பதற்கு மட்டும்தான் சாட்சி. 'இதை நான் வாங்குகிறேன்' என்பதற்கு அது சாட்சி ஆகாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் காட்டிப் பயமுறுத்துவதில்தான் இந்த வியாபாரம் முழுவதும் நிற்கிறது.

மௌனம் சம்மதம் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. பெண் பார்க்கும் இடத்தில் அதைச் சொல்லி நிறையப் பெண்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அதே தந்திரத்தைத்தான் இப்போது நூலகத்தில் காட்டுகிறார்கள். ஆனால் ஒப்பந்தச் சட்டத்தில் அந்தப் பேச்சு செல்லாது. இங்கிலாந்தில் 1862-இல் ஒரு குதிரை வழக்கு நடந்தது. சட்டம் படித்த பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். பெல்ட்ஹவுஸ் என்பவர் தன் உடன்பிறந்தவரின் மகனிடம் ஒரு குதிரையை விலை பேசினார். "இனி உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் குதிரை என்னுடையது என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று கடிதம் எழுதினார். பையன் பதில் போடவில்லை. குதிரை வேறொருவருக்கு ஏலம் போய்விட்டது. வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது, எதிராளி வாயைத் திறக்காததையே ஒப்புதலாக மாற்ற உமக்கு உரிமை கிடையாது என்று தீர்ப்பானது. சொந்தச் சித்தப்பா பெரியப்பாவுக்கே இல்லாத உரிமை, முகம் தெரியாத கம்பெனிக்கு எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தில் 1971-இல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். கேட்காத பொருளை அனுப்பிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டுவது அங்கே குற்றம். அமெரிக்காவிலோ, கேட்காமல் தபாலில் வந்த பொருளைப் பெற்றவர் அன்பளிப்பாகவே வைத்துக்கொள்ளலாம். நம் நுகர்வோர் சட்டத்திலும் அப்படிப் பளிச்சென்று ஒரு வரி இருக்க வேண்டும், அதில் பள்ளியும் நூலகமும் சேர்ந்து வர வேண்டும் என்பது என் கோரிக்கை. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் பக்கத்தில் இருக்கும் என் பழைய மாணவர்கள் கவனிக்க.

அடுத்தது, அட்டையில் போடும் முத்திரைகள். எது எதற்கு என்று தெரியாததால்தான் நிர்வாகங்கள் மயங்குகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"ஐ.எஸ்.பி.என். பெற்ற நூல்" என்று பெரிதாகப் போடுவார்கள். அது ஒரு அடையாள எண், அவ்வளவுதான். நம் நாட்டில் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான முகமை அதைக் கட்டணம் இல்லாமல் கொடுக்கிறது. நல்ல புத்தகத்துக்கும் அந்த எண் கிடைக்கும், குப்பைக்கும் கிடைக்கும். வண்டிக்கு நம்பர் பிளேட் இருப்பதால் ஓட்டுபவர் நன்றாக ஓட்டுவார் என்று அர்த்தமா?

"தேசியக் கல்விக் கொள்கை 2020-இன்படி தயாரிக்கப்பட்டது" என்பது இன்னொன்று. அது ஒரு கொள்கை அறிக்கை. அதன் பெயரை யார் வேண்டுமானாலும் அட்டையில் அச்சடித்துக்கொள்ளலாம். அதனால் அந்தப் புத்தகத்தை யாரோ பரிசீலித்து ஒப்புதல் தந்தார்கள் என்று ஆகாது. அதுவும் தமிழ்நாடு தனக்கென்று பள்ளிக் கல்விக்கான மாநிலக் கல்விக் கொள்கையை 2025 ஆகஸ்ட்டில் வெளியிட்டிருக்கிறது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிக்கு வந்து இந்த முத்திரையைக் காட்டி விற்பவர்களுக்குத் தைரியம் அதிகம்தான்.

மூன்றாவது, சிங்கத் தலைச் சின்னம். அரசுச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2005-இலேயே சட்டம் இருக்கிறது. தனியார் கம்பெனியின் நோட்டீசில் அதைப் பார்த்தால் மரியாதை வர வேண்டியதில்லை, சந்தேகம் வர வேண்டும்.

இனி எனக்கு அதிகக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன்.

சில பெட்டிகளுக்குப் பில்லே வராது. "இலவசம் மேடம், பிள்ளைகளுக்கு ஒரு வினாடி வினா நடத்துங்கள், இந்தத் தாளை மட்டும் நிரப்பிக் கொடுங்கள்" என்பார்கள். தாளில் என்ன இருக்கிறது? பிள்ளையின் பெயர், வகுப்பு, பிறந்த தேதி, அப்பா என்ன வேலை, அம்மா போன் நம்பர். நாற்பது பிள்ளைகள் நிரப்பினால் நாற்பது வீட்டின் கதவு திறந்தாயிற்று. அடுத்த வாரம் உங்கள் போனுக்கு அழைப்பு வரும்: "உங்க பொண்ணு டெஸ்ட்ல கணக்குல கொஞ்சம் வீக்கா இருக்கா சார்." உங்கள் பிள்ளை கணக்கில் வீக் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. உங்கள் பயம் மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இது கற்பனை பயம் கிடையாது. ஆன்லைன் கல்விக் கம்பெனிகளின் 'இலவச' வலையைப் பற்றியும், கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பற்றியும் பெற்றோரை எச்சரித்து மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் ஓர் அறிவுரை வெளியிட்டது. ஒரு வருடம் கழித்து, 2022 டிசம்பரில், கட்டாயப்படுத்தி விற்பதாக எழுந்த புகார்களுக்காக பைஜூஸ் நிறுவனத்தின் தலைவரைத் தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் நேரில் வரச் சொன்னது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரத்தைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் கையாளக் கூடாது என்கிறது. குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. அப்படியிருக்க, நம் பள்ளி நூலகத்து மேஜையில் இந்தத் தாளை நிரப்ப வைப்பவர் யார்? புத்தகம் எடுக்க வந்த பிள்ளையிடம் அதன் வீட்டு நம்பரை வாங்கி விற்பதற்குத் துணை போவது நூலகம் செய்யும் வேலையா?

பணத்துக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணையில், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் செய்தித்தாள், பத்திரிகை, எல்லாப் பாடங்களுக்கும் உரிய நூல்கள், கதைப் புத்தகங்கள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கதைப் புத்தகம் என்று சட்டமே வாய்விட்டுச் சொல்கிறது, பாருங்கள். அரசுப் பள்ளிகளுக்கு சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் நூலக மானியம் என்று வருடத்துக்கு 5,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை ஒதுக்குகிறார்கள். ஒரு தொடக்கப் பள்ளிக்கு வரும் 5,000-இல் ஒரு 4,500 ரூபாய் கிட்டை யாராவது தலையில் கட்டிவிட்டால் மிச்சம் 500. அந்த வருடம் அந்தப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கதையே கிடையாது. தனியார் பள்ளியில் மானியம் வராது. நீங்கள் கட்டும் கட்டணத்திலிருந்துதான் அந்தப் பணம் போகிறது. ரசீதில் 'நூலகக் கட்டணம்' என்று ஒரு வரி இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

அதே 4,500 ரூபாய்க்கு என்னென்ன வாங்கலாம்? நேஷனல் புக் டிரஸ்ட் குழந்தைகள் வரிசையில் மலிவான விலையில் அழகான படக்கதைகள் தமிழில் இருக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழுக்குச் சந்தா கட்டலாம். ஒரு தினசரி போடலாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், "ஆளுக்குப் பத்துப் புத்தகம் நீங்களே எடுங்கள்" என்று சொல்லலாம். பிள்ளை எடுத்த புத்தகம் கிழியும் வரை படிக்கப்படும். கிட்டில் வந்த பயிற்சிப் புத்தகத்தில் ஒரு பிள்ளை கோடிட்ட இடத்தை நிரப்பிவிட்டால் அடுத்த பிள்ளைக்கு அது எதற்கு? நிரப்பி முடித்தால் தீர்ந்துபோகும் பொருளை நூலகத்துக்கு விற்பதே மோசடிக்குச் சமம்.

நூலக அறிவியலின் தந்தை என்று உலகம் கொண்டாடும் எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-இல் அவர் எழுதிய ஐந்து விதிகளை நூலகம் படிக்கிற எல்லா நாட்டு மாணவர்களும் இன்றும் படிக்கிறார்கள். நூல்கள் பயன்படுத்துவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். வாசகரின் நேரத்தை வீணாக்காதே. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். இதில் இரண்டாவது விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பிள்ளையைத் தினமும் பார்க்கும் நூலகருக்கும் ஆசிரியருக்கும்தான் தெரியும். தேர்ந்தெடுப்பதுதான் நூலகரின் வேலை. கேட்காத பெட்டி அந்த வேலையை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, பில்லை மட்டும் அவர் கையில் திணிக்கிறது.

"அப்படியானால் யாரும் புத்தகம் விற்கவே கூடாதா டீச்சர்? விற்பனையாளர் வராவிட்டால் நல்ல புத்தகம் வந்திருப்பது பள்ளிக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. நான் வேலை பார்த்த காலத்தில் நூலக அலமாரிச் சாவி பல வருடம் என்னிடம்தான் இருந்தது. பை நிறையப் புத்தகத்தோடு விற்பனையாளர்கள் வருவார்கள். மேஜையில் பரப்புவார்கள். நாங்கள் புரட்டுவோம், பிள்ளைகளும் எட்டிப் பார்ப்பார்கள். வேண்டியதை எடுப்போம், வேண்டாததை அவர் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். சில நாள் ஒன்றுமே வாங்க மாட்டோம். அடுத்த வருடமும் முகம் சுளிக்காமல் வருவார். வி.பி.பி.யில் வந்தால்கூட, வேண்டாம் என்று தபால்காரரிடம் சொன்னால் அப்படியே திரும்பிப் போய்விடும். காட்டுவது வியாபாரம். போட்டுவிட்டுப் போய் மிரட்டுவது வேறு.

ஒழுங்கான வழி எப்படி இருக்கும் என்பதற்கு அரசாங்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. பொது நூலகங்களுக்கு நூல் வாங்குவதற்கு வெளிப்படையான கொள்முதல் கொள்கை ஒன்றை 2024-இல் தமிழக அரசு கொண்டுவந்தது. பதிப்பகம் இணையதளத்தில் பதிவு செய்து விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு அதற்கப்புறம். அது முழுக்க முழுக்கச் சரியாக நடக்கிறதா என்று நாம் தொடர்ந்து கேட்கத்தான் வேண்டும். நம் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறோம். ஆனாலும் முறை சரியானது: விற்பவர் வரிசையில் நிற்கிறார், வாங்குபவர் தேர்ந்தெடுக்கிறார். நம் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் மட்டும் ஏன் இது தலைகீழாக நடக்க வேண்டும்?

விற்பனைக்கு அலையும் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பாடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் வெயிலில் வண்டியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அலைகிறவனுக்கு மேலே டார்கெட், கீழே பெட்ரோல் செலவு. அவனிலும் என் மாணவர்கள் உண்டு. தம்பி, உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். பெட்டியை இறக்குவதற்கு முன்னால் "வேண்டுமா?" என்று கேள். வேண்டாம் என்றால் வண்டியைத் திருப்பு. உன் மேனேஜர் திட்டினால், ஊரில் எல்லா நூலகரும் இப்போது எழுதிக் கேட்கிறார்கள் சார் என்று சொல்.

பள்ளி நடத்தும் பிள்ளைகளே, உங்களுக்கு: நூலகரின் சம்பளத்தில் பிடிப்பேன் என்று சொல்வதற்கு முன், அந்தக் கம்பெனியோடு கமிஷன் பேசியது உங்கள் அலுவலகத்தில் யாராவதா என்று விசாரியுங்கள். எந்தப் புத்தகமும் எழுத்தில் ஆர்டர் போடாமல் உள்ளே வரக் கூடாது என்று வாட்ச்மேனுக்கும் சேர்த்து ஒரு சுற்றறிக்கை விடுங்கள். ஒரு தாள் செலவுதான்.

பெற்றோருக்கு: அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினரில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வருடம் நூலகத்துக்கு என்ன வாங்கினீர்கள்? யார் தேர்ந்தெடுத்தது? பிள்ளைகள் கையில் அது கொடுக்கப்படுகிறதா? தனியார் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதையே கேளுங்கள். உங்கள் நம்பரை எழுதச் சொல்லும் தாள் வீட்டுக்கு வந்தால் நிரப்பாமல் திருப்பி அனுப்புங்கள். விற்பனைப் போன் தொல்லை செய்தால் 1909-க்குப் புகார் கொடுங்கள்.

நூலகர்களுக்கும் நூலகப் பொறுப்பு ஆசிரியர்களுக்கும்: பெட்டி வந்தால் கூரியர் தாளில் "கேட்கவில்லை, பிரிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், அல்லது வாங்காமலே திருப்புங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பள்ளி முத்திரை குத்தாதீர்கள், நூலகப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள், வகுப்பில் கொடுக்காதீர்கள். பயன்படுத்தினால் ஏற்றுக்கொண்டீர்கள் என்று வாதாட இடம் கொடுத்ததாகும். பிறகு இப்படி ஒரு கடிதம் எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்தோடு தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்:

"தாங்கள் அனுப்பிய பெட்டிகளை எங்கள் பள்ளி கேட்கவில்லை. ஆர்டர் எதுவும் தரப்படவில்லை. அவற்றை நாங்கள் ஏற்கவில்லை, பயன்படுத்தவும் இல்லை. பள்ளி வேலை நாளில் தங்கள் செலவில் வந்து எடுத்துச் செல்லவும். பில் தொகை எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல."

என் மாணவிக்கு எழுதிக் கொடுத்தது இதே கடிதம்தான். தலைமையாசிரியை முதலில் தயங்கினார், பிறகு கையெழுத்துப் போட்டார். பதினோராம் நாள் ஒரு பையன் ஷேர் ஆட்டோவில் வந்து மூன்று பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனான். போனும் நின்றுவிட்டது. அவள் சம்பளத்தில் யாரும் கை வைக்கவில்லை.

இந்தக் கடிதத்தை அப்படியே நகல் எடுத்துத் தெரிந்த நூலகர்களுக்கெல்லாம் அனுப்புங்கள், என்னிடம் கேட்க வேண்டாம். எந்த வகுப்புக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று பட்டியல் வேண்டும் என்பவர்கள், பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எவ்வளவு பணம் என்று மட்டும் கமெண்டில் எழுதுங்கள். நானும் என்னோடு ஓய்வு பெற்ற இரண்டு டீச்சர்களும் உட்கார்ந்து போட்டுத் தருகிறோம், காசு வேண்டாம். போன் செய்பவர்கள் மதியம் இரண்டு முதல் நாலு வரை விட்டுவிடுங்கள், தூங்குவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்